ஆற்றுக்கு அப்பால் போன சிங்கங்கள்

அந்த வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே கோயிலில் ஒரு மாமி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை, யூனிவசிற்றி எல்லாம் படிச்சுப்போட்டு இப்ப சிங்கத்துக்குப் பின்னாலை திரியிறியாம்?"

பக்கத்தில் நின்ற அவருடைய கணவர், "உலகத்திலை இத்தனை மிருகம் இருக்க எங்கடை பிள்ளைக்குச் சிங்கந்தானே கிடைச்சுது" என்று சொல்லிச் சிரித்தார். இலங்கைக் கொடியில் நிற்கும் சிங்கத்தை வைத்துச் சொன்ன அந்த அரசியல் பகிடி சுற்றி நின்ற எல்லோருக்கும் விளங்கியது. நானும் சிரித்து வைத்தேன்.

உண்மையில் நான் எதற்குப் பின்னாலும் திரியவில்லை. ஒஸ்லோவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் மூன்றாம் மாடியில், யன்னலோரக் கதிரையில் இருந்தேன். சிங்கங்கள் கிழக்கு ஆபிரிக்காவில் நடந்தன. அங்கே எங்கள் நிலையத்துடன் சேர்ந்து வேலை செய்த ஒரு மிருக வைத்தியர், ஆண் சிங்கங்களுக்கு மயக்க ஊசி போட்டுக் கழுத்தில் ஒரு தடித்த வாரைக் கட்டிவிடுவார். அந்தக் கழுத்துவாரில் இருக்கும் சிறு பெட்டி, சிங்கம் நிற்கும் இடத்தை நாளுக்குச் சில தடவை செய்மதிக்கு அனுப்பும். செய்மதியில் இருந்து அது என்னுடைய கணினிக்கு வரும். பிழையாக வந்த புள்ளிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை வரைபடத்தில் போட்டு, ஒன்றோடொன்று கோட்டால் இணைப்பதுதான் என் வேலை. சிங்கம் இந்து சமுத்திரத்தின் நடுவில் நிற்பதாகக்கூடச் சில நாள் வரும். அப்படியானவற்றை எறிவது சுலபம். ஒரு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பது போன்ற சின்னப் பிழைகளைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

அந்தக் கழுத்துவார் எங்களுக்குச் சொல்லும். நாங்கள் அதற்கு ஒன்றும் சொல்ல முடியாது. இதை நான் முதல் வாரத்திலேயே அறிந்திருந்தேன். அதன் பொருள் விளங்குவதற்கு ஒரு வருடம் பிடித்தது.

எங்களிடம் இருந்த சிங்கங்களில் இரண்டு, ஒரு தாயின் வயிற்றில் பிறந்தவை. ஆண் குட்டிகள் வளர்ந்து பிடரி மயிர் வரத் தொடங்கியதும் கூட்டத்தில் இருக்கும் பெரிய ஆண்கள் அவற்றைத் துரத்திவிடும். அதற்குப் பிறகு அவை வருடக்கணக்காக அலையும். மற்ற ஆண்களின் எல்லைகளுக்கு நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத ஒடுங்கிய நிலங்களில் ஒளித்து நடந்து, பலம் வந்த பிறகு இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ சேர்ந்து ஒரு கூட்டத்தைப் பிடிக்கும். தனி ஆணுக்கு அது அநேகமாக நடக்காது. எங்களுடைய இரண்டும் அப்படி அலைந்துகொண்டிருந்த காலத்தில்தான் நான் அவற்றின் கோடுகளை வரையத் தொடங்கினேன்.

நிலையத்தில் அவற்றுக்கு எண்கள்தான் இருந்தன. என் மேலதிகாரி ஐம்பது வயது கடந்த நோர்வேஜியப் பெண். இளமையில் இந்த நாட்டுக் காடுகளில் கரடிகளைத் தொடர்ந்து திரிந்தவர். "பெயர் வைக்காதே. பெயர் வைத்தால் வரைபடத்தை நேராகப் பார்க்க மாட்டாய்" என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

பெயர் வைத்தது என் அப்பா.

அப்பா அந்த நாட்களில் வேலைக்குப் போவதில்லை. நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் பல வருடம், பிறகு ஒஸ்லோவில் கட்டடங்கள் துப்புரவாக்கிப் பல வருடம் என்று உழைத்ததில் அவருடைய தோள்மூட்டு இரண்டும் போய்விட்டன. வேலை செய்ய இயலாதவர் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்துவிட்டது. ஒஸ்லோவின் புறநகரான ஹவுகெட்டோவில் எங்களுடைய வீட்டில், யன்னலுக்குக் கீழே ரயில் வருவதும் போவதுமாக இருக்க, அவர் நாள் முழுக்கத் தனியே இருப்பார். அம்மா முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. ஆகவே நான் வேலையால் வந்ததும் அப்பாவும் நானும்தான் சாப்பிடுவோம். ஒரு நாள் என் பையில் இருந்த வரைபடத்தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, எறும்பு ஊர்ந்த மாதிரி?" என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதிலை ஆர் மூத்தவன்?"

"ரெண்டு பேரும் ஒரே தரத்திலை பிறந்தவங்கள் அப்பா. ஒருத்தன் கொஞ்சம் பெரிய உடம்பு. காது கிழிஞ்சவன்."

"அப்ப அவன்தான் மூத்தவன். மற்றவன் இளையவன்."

அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நான் சப்பாத்தைக் கழற்ற முதல் அப்பா கேட்பார்: "இண்டைக்கு எங்கை நிக்கிறாங்கள்?" மூத்தவன் முன்னே நடப்பதும், இளையவன் ஒரு புள்ளி பின்தங்கி அதே வழியில் வருவதும் கோட்டில் தெரியும். ஒரு பெரிய சிங்கத்தின் எல்லைக்குள் தெரியாமல் நுழைந்தால், வளைந்து வளைந்து வந்த கோடு திடீரென்று நீண்டு நேரே ஓடும். "கலைச்சுப்போட்டாங்களோ?" என்பார் அப்பா. "ஓம், கலைச்சுப்போட்டாங்கள்" என்பேன். அவர் உச்சுக் கொட்டுவார். சில வேளை, "சரி, காலுக்குப் பலம் வரட்டும்" என்பார்.

அடுத்த வருடம் ஈஸ்டர் விடுமுறைக்கு முன்னால் அவை ஆற்றைக் கடந்தன.

எங்கள் சிங்கங்கள் திரிந்த சரணாலயத்தின் கிழக்கு எல்லை ஓர் ஆறு. வருடத்தில் பாதி நாள் அதில் மணல்தான் இருக்கும். ஆற்றுக்கு மேற்கே காடு. கிழக்கே மாடு வளர்ப்பவர்களின் மேய்ச்சல் நிலம். மழை தொடங்கியதும் காட்டில் தண்ணீர் எல்லா இடமும் கிடைக்கும் என்பதால், வரிக்குதிரைகளும் மான்களும் நாலாபக்கமும் சிதறிவிடும். இளம் சிங்கங்களுக்குப் பசி கடுமையாகும். அப்போது மாடுகளின் மணம் காற்றில் வரும். மூத்தவன் முதலில் கடந்தான். அடுத்த புள்ளியில் இளையவனும் அந்தக் கரையில் நின்றான். அதன் பிறகு மேலே மலையில் பெய்த மழை வந்து ஆறு நிரம்பியது. சிங்கங்கள் கிழக்குக் கரையில். மிருக வைத்தியரும் அவருடைய ஒரே ஜீப்பும் மேற்குக் கரையில்.

ஈஸ்டர் என்றால் ஒஸ்லோ காலியாகிவிடும். எல்லோரும் மலைகளில் இருக்கும் மரக்குடில்களுக்குப் போய்விடுவார்கள். எங்கள் நிலையத்திலும் நடைபாதை விளக்குகள் அணைந்திருந்தன. எனக்கு மலையில் குடிலும் இல்லை, பனிச்சறுக்கவும் தெரியாது. காலையில் ஆளில்லாத ரயிலில் ஏறி வேலைக்குப் போனேன். புதிதாக வந்திருந்த புள்ளிகளைப் போட்டபோது இரண்டு கோடுகளும் கிழக்கு நோக்கி வளைந்திருந்தன. அந்தப் பக்கத்தில் என் வரைபடத்தில் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருந்தது. ஆனால் அங்கே மாட்டுப்பட்டிகள் இருக்கின்றன என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார்.

வைத்தியரைச் செய்மதித் தொலைபேசியில் பிடித்தேன். மழைச் சத்தத்துக்கு மேலால் ஆங்கிலத்தில் கத்திக் கதைத்தோம்.

"தெரியும். நீங்கள் நேற்று அனுப்பியதைப் பார்த்தேன். ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். ஜீப்பை இறக்கினால் ஜீப்பும் போகும், நானும் போவேன்."

"பாலம்?"

"பாலத்துக்குச் சுற்றிப் போகிற பாதை சேறாகிவிட்டது. இரண்டு லொறி புதைந்து நிற்கின்றன."

"அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல முடியாதா?"

"யாருக்குச் சொல்வது? அங்கே யாருடைய தொலைபேசி எண்ணும் என்னிடம் இல்லை."

மேலதிகாரியின் குடிலில் தொலைபேசி வேலை செய்யாது. குரல் தகவல் விட்டேன். பின்னேரம் அவர் பனிச்சறுக்கிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறி நின்று திருப்பி எடுத்தார். மூச்சு வாங்கியது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நான் வைத்தியரிடம் கேட்ட அதே கேள்விகளை அவர் என்னிடமும் கேட்டார். 

"ஸொன் ஆர் தெ" என்றார்.

'அது இப்படித்தான்' என்று பொருள். நோர்வேஜியர்கள் பஸ் பிந்தினாலும் சொல்வார்கள், ஆள் செத்தாலும் சொல்வார்கள். அவர் கல்நெஞ்சக்காரி இல்லை. கரடிகளைத் தொடர்ந்த காலத்தில் அவரும் எத்தனையோ பார்த்திருப்பார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்தால் எனக்கும் ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் மூத்தவனின் புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. அப்பாவிடம் வந்து சொன்னேன்.

"படுத்திருப்பான்" என்றார் அப்பா. "வயிறு நிறைஞ்சா சிங்கம் நாள் முழுக்கப் படுக்கும் எண்டு நீதானே சொன்னனீ?"

"ஓம். சொன்னனான்தான்."

"பிறகென்ன? நீ முதல்லை சாப்பிடு."

அவர் சாப்பிடவில்லை. வன்னியில் இருந்த சித்தப்பாவுக்குத் தொலைபேசி அட்டையில் எடுத்துப் பார்த்தார். சண்டை நடந்த அந்த நாட்களில் அங்கே தொடர்பு கிடைப்பதும் கிடைக்காததும் எங்கள் கையில் இல்லை. எண்களை அழுத்துவார், காத்திருப்பார், ஒரு பெண்ணின் குரல் சிங்களத்தில் ஏதோ சொல்லும், வைப்பார், மறுபடி அழுத்துவார். அன்றைக்கும் கிடைக்கவில்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டு என்னுடைய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாள் காலை கழுத்துவாரில் இருந்து வழமையான புள்ளிக்குப் பதிலாக, அசைவு இல்லை என்ற அறிவிப்பு வந்தது. சிங்கம் எவ்வளவு ஆழ்ந்து உறங்கினாலும் தலையைத் திருப்பும், ஈயை விரட்டும், நாக்கால் காலை நக்கும். அதைக்கூட அந்தப் பெட்டி உணரும். நெடுநேரம் ஒன்றையுமே உணராவிட்டால்தான் இந்த அறிவிப்பை அனுப்பும்.

இளையவனுடைய கோடு மட்டும் அசைந்தது. அவன் அந்த இடத்தில் இருந்து கொஞ்சத் தூரம் போனான். திரும்பி வந்தான். வேறு பக்கமாகப் போனான். திரும்பவும் வந்தான். ஒவ்வொரு புள்ளியையும் நான் கோட்டால் இணைக்க, ஒரே இடத்தைச் சுற்றி ஒரு பூ மாதிரி வந்தது. அழகாகக்கூட இருந்தது. என் பத்து விரலும் விசைப்பலகையில் இருந்தன. அவற்றால் செய்யக்கூடியது கோடு போடுவது மட்டுந்தான். ஆள் இல்லாத அந்த மாடியில் இருந்து அழுதேன். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து அந்த நாளின் வேலையை முடித்தேன்.

தண்ணீர் வடிந்த பிறகு வைத்தியர் போய்ப் பார்த்தார். பாதி தின்ற பசு ஒன்று கிடந்தது. அதில் பூச்சிமருந்து ஊற்றப்பட்டிருந்தது. மூத்தவன் பக்கத்துப் புதருக்குள் கிடந்தான். பசுவைத் தின்ன வந்த கழுகுகளும் சுற்றிவரச் செத்துக் கிடந்தன. யார் ஊற்றியது என்று அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை என வைத்தியர் எழுதினார். கழுத்துவாரைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

அன்று அப்பா "எங்கை நிக்கிறாங்கள்" என்று கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இளையவன்?" என்றார்.

"திரும்ப மேற்குக் கரைக்கு வந்திட்டான்."

"தனியவோ?"

"ஓம்."

இளையவனுடைய அந்த வருடத்தை நான் எப்படிச் சொல்வது? நேர்கோடுகளின் வருடம் அது. எங்கே நுழைந்தாலும் துரத்தினார்கள். தெற்கே போனான், துரத்தப்பட்டான். மலையடிவாரத்துக்குப் போனான், அங்கும் யாரோ இருந்தார்கள். மூத்தவன் இருந்த காலத்தில் துரத்தப்பட்ட பிறகும் இரண்டு பேரும் சில நாட்களில் அதே எல்லைக்குத் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பார்கள். இப்போது இவன் திரும்பி வரவில்லை. யாருடைய எல்லையும் இல்லாத ஆற்றங்கரையோடு மேலும் கீழுமாக நடந்தான். இடைக்கிடை ஆற்றைக் கடந்து கிழக்கே போவான். அப்படிப் போகும் நாட்களில் எனக்கு வேறு வேலை ஓடாது. வைத்தியருக்கு எடுப்பேன். அவர் பார்க்கிறேன் என்பார். இளையவன் தானாகத் திரும்பினால்தான் உண்டு.

அடுத்த பனிக்காலம் முடிகிற நேரத்தில், மாடு வளர்ப்பவர்களும் காட்டு விலங்குகளும் பற்றிய ஒரு கூட்டத்துக்காக ஆற்றுக்குக் கிழக்கே இருந்து ஒருவரை எங்கள் நிலையம் ஒஸ்லோவுக்கு அழைத்தது. அங்கே ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியர். சொந்தமாக மாடுகளும் உண்டு. நாற்பது வயதிருக்கும், உயரமான மனிதர். யாரோ கொடுத்த குளிர்க்கோட்டின் கை அவருக்குக் குட்டையாக இருந்தது. இரண்டு நாள் விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, "உங்கள் நாட்டில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இது என் நாட்டுச் சாப்பாடு இல்லை. என் வீட்டுக்கு வாருங்கள்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். அம்மா ஆட்டிறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தார். எங்களைப் போலவே கையால் சாப்பிட்டார். அவர் சொல்வதை நான் அப்பாவுக்குத் தமிழிலும், அப்பா கேட்பதை அவருக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன். முதலில் மழையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் கதை போனது. பிறகு அப்பா தானே கேட்டார்.

"காது கிழிஞ்ச சிங்கம் ஒண்டு போன வரியம் அங்கை செத்தது. இவருக்குத் தெரியுமோ எண்டு கேள்."

கேட்டேன். ஆசிரியர் கையில் எடுத்த சோற்றைத் திரும்பவும் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

"அது எங்கள் பசுவைத்தான் கொன்றது. கறவைப் பசு. என் தங்கை பிள்ளைப்பேற்றில் இறந்துவிட்டாள். அந்தக் குழந்தையை அந்தப் பசுவின் பாலில்தான் வளர்த்தோம். என் மைத்துனன், குழந்தையின் தகப்பன், நஞ்சை ஊற்றினான். கடையில் வாங்கிக் கொடுத்தது நான்."

 அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அப்பா எழும்பி யன்னலடிக்குப் போனார். கீழே ஒரு ரயில் வந்து நின்று போகும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்து இருந்தார்.

"அந்தப் பிள்ளை இப்ப எப்பிடி இருக்காம்?"

"நடக்கத் தொடங்கிவிட்டான்" என்றார் ஆசிரியர்.

"சிங்கம் கஷ்டப்பட்டோ செத்தது? கேள்."

"அப்பா…"

"கேள் பிள்ளை."

"சாப்பிட வந்த மனிசனைக் கேள்வி கேட்டுக் கொல்லாதேங்கோ" என்றார் அம்மா. ஆனால் நான் ஏற்கனவே கேட்டுவிட்டேன்.

"ஆம்" என்றார் ஆசிரியர். "உங்களுக்குப் பொய் சொல்ல விரும்பவில்லை. கன நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு மற்றது வந்தது. பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டது. நாங்கள் கதவுக்கு மரத்தால் முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளேயே இருந்தோம். குழந்தைகள் அழுதார்கள். மாடுகள் பட்டிக்குள் ஒன்றை ஒன்று மிதித்தன. வெளியே போகவும் முடியாது, அதை வாயை மூடு என்று சொல்லவும் முடியாது. அது போகும்வரை இருந்தோம்."

நான் வரைந்த பூ எனக்கு ஞாபகம் வந்தது. அதை அவருக்குச் சொன்னேன். அது சுற்றி வந்தது எனக்குத் தெரியும், இங்கே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

அவருக்கு உடனே விளங்கவில்லை. "எப்போது பார்த்தீர்கள்?"

"அன்றைக்கே."

"வருவதற்கு முன்னாலும்?"

"ஓம். ஆற்றைக் கடந்ததில் இருந்து."

"எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?"

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேட்பதுபோல, பதில் இருக்கும் என்று நம்பிக் கேட்டார். யாருடைய எண்ணும் எங்களிடம் இருக்கவில்லை என்றேன். அவர் சட்டைப்பையில் இருந்து கைத்தொலைபேசியை எடுத்து மேசையில், கறிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பழைய, மூலை உடைந்த தொலைபேசி.

"அப்போதும் இது என்னிடம் இருந்தது. பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறினால் வேலை செய்யும். ஒவ்வொரு நாளும் காலையில் ஏறுவேன். யாரும் எண்ணைக் கேட்கவில்லை."

அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு விளங்காது. ஆசிரியருடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் கறி போட்டார். அவர் சாப்பிட்டார். அப்பாவும் சாப்பிட்டார்.

மறுநாள் ஆசிரியரை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரையில் வரைபடத்தைக் காட்டினேன். ஆற்றைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து விரலை நகர்த்தி வெள்ளையாய் இருந்த இடத்தில் வைத்தார். "இது எங்கள் வீடு. இது பாடசாலை. இது மாடுகள் தண்ணீர் குடிக்கும் குளம். இங்கே நீங்கள் ஒன்றுமே போடவில்லையே." அவர் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் குறித்தேன். மேலதிகாரி பின்னால் வந்து நின்று பார்த்தார். அவர் முகம் சிவந்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

ஆசிரியர் ஊருக்குத் திரும்பிய பிறகு, இளையவன் ஆற்றைக் கடக்கும் நாட்களில், அவர் பாறையில் ஏறும் நேரம் பார்த்து நேரே அவருக்கே தொலைபேசி எடுத்தேன். "குளத்துப் பக்கம் வருகிறான்" என்பேன். "சரி, மாடுகளை அடைக்கிறேன்" என்பார். ஒரு முறை இளையவன் பட்டிக்கு மிகக் கிட்ட வந்து, ஒன்றும் கிடைக்காமல் அப்படியே கடந்து போய் ஆற்றைத் தாண்டினான். "போய்விட்டான்" என்று அவருக்குச் சொன்னேன். "காலடியைப் பார்த்தேன். வேலியைச் சுற்றி ஒருதரம் நடந்திருக்கிறான்" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு ஓடாத குறையாக வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அம்மாவின் வேலையிடத்துக்கே எடுத்து, வேலையில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டு அதைச் சொன்னார்.

அதற்குள் கழுத்துவாரின் பற்றரி இறங்கத் தொடங்கிவிட்டது. இப்படியான பெட்டிகளுக்கு ஆயுள் அவ்வளவுதான். மறுபடி மயக்க ஊசி போட்டுப் புதிய வார் கட்ட வேண்டும். வைத்தியர் ஒரு மாதம் முயன்றார். இளையவன் தனியாய்த் திரிந்து திரிந்து மனிதரையும் வாகனத்தையும் நன்றாக அறிந்திருந்தான். ஜீப்பின் சத்தம் கேட்டால் முள்ளுப் பற்றைக்குள் போய்விடுவான். இறைச்சி கட்டித் தொங்கவிட்டுக் காத்திருந்தார்கள். அவன் வரவில்லை, கழுதைப்புலிகள் வந்தன. இன்னொரு சிங்கத்துக்கு வாரை மாற்ற வேண்டிய முறையும் வந்ததால் வைத்தியர் அங்கே போக வேண்டியதாயிற்று. இளையவனின் புள்ளிகள் நாளுக்கு ஒன்றாகின. பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள். கடைசிப் புள்ளி ஆற்றின் மேற்குக் கரையில், தண்ணீருக்கு மிகக் கிட்ட விழுந்தது. கடக்கப் போகிறானா, குடிக்க வந்தானா என்று அதில் தெரியாது.

அதற்குப் பிறகு எத்தனையோ காலை கணினியைத் திறந்து பார்த்தேன். மேலதிகாரி என்னை அதற்காக ஏசவில்லை. கோடையில் அவரே இளையவனின் எண்ணைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, எடுத்துவிட்டேன் என்று எனக்கு வந்து சொன்னார்.

கோடை முடியும் நேரம், ஒரு காலை நான் ஹவுகெட்டோ ரயில் மேடையில் நிற்கும்போது ஆசிரியர் எடுத்தார். எப்போதும் நான்தான் அவருக்கு எடுப்பேன். அவர் எடுத்தது அதுதான் முதல் தடவை. பாறையில் ஏறிய களைப்பு குரலில் இருந்தது.

"நேற்று ஒரு கன்று போய்விட்டது. அவனா?"

"தெரியாது" என்றேன். "பெட்டி வேலை செய்யவில்லை. பற்றரி முடிந்தபோதே உங்களுக்குச் சொன்னேன்."

"சொன்னீர்கள். ஆனாலும் ஏதாவது வந்திருக்கும் என்று நினைத்தேன்."

"ஒன்றும் வரவில்லை."

"காலடி ஒன்றுதான். தனியாக வந்திருக்கிறது. பெரியது."

 அந்தப் பக்கத்தில் மாடுகள் கத்துவது கேட்டது. அவை இன்னும் பட்டிக்குள்ளேயே நின்றன போலும்.

"இப்போது பக்கத்தில் நிற்கிறானா, போய்விட்டானா? மாடுகள் தண்ணீர் குடிக்க வேண்டும். திறந்துவிடலாமா? அதை மட்டும் சொல்லுங்கள்."

"எனக்குத் தெரியாது" என்றேன். இரண்டாம் தரமும் அதையே சொன்னேன். தெரியாது என்று சொல்வதைவிட வேறு ஏதாவது சொல்ல மனம் கிடந்து தவித்தது. பொறுங்கள் என்று சொல்லலாமா? எதுவரைக்கும்? மைத்துனன் எங்கே என்று கேட்டேன்.

"காலையிலேயே கடைக்குப் போய்விட்டான்" என்றார்.

எந்தக் கடை, எதற்கு என்று அவர் சொல்லவில்லை. போகவேண்டாம் என்று மறித்தீர்களா என்று நானும் கேட்கவில்லை. போன கன்றுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

"சரி. நான் திறக்கத்தான் வேண்டும். வெயில் ஏறுகிறது" என்றார். அப்பாவையும் அம்மாவையும் சுகம் விசாரித்தார். தங்கையின் மகன் இப்போது ஓடுகிறான், பிடிக்க முடியவில்லை என்றார். பிறகு தொடர்பு அறுந்துபோனது. திருப்பி எடுத்தேன். பாறையால் இறங்கிவிட்டார் போலும், மணி போகவில்லை.

ரயில் வந்து கதவு திறந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். நான் அடுத்த ரயிலில் போனேன்.